அன்பாகப் பதில் எழுதியவர்

ஒரு வருஷத்துக்கும் மேலாக எனக்கு எழுதிக்கொண்டிருந்தவர் என்று ஓர் ஆளே கிடையாது என்பது எனக்குத் தெரிந்தது, போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஜீப்பில். ஒரு வளைவில் டவர் கிடைத்ததும் மடியில் இருந்த போன் அடங்காமல் அதிர ஆரம்பித்தது. இன்றும் அந்த வளைவு வரும்போது என் கை தானாகப் போனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் யாருக்கும் புரியாது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவள். கம்பெனி சென்னையில். கல்யாணமாகிப் போடிக்கு வந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை. கணவருக்கு மலையில், பூப்பாறை போகும் வழியில் ஏலத்தோட்டம். விடிந்ததும் அவர் ஜீப்பில் மலைக்குப் போவார். நான் மாடியறையில் லேப்டாப்பைத் திறந்து உட்காருவேன். கீழ்த்தளத்தில் பெண்கள் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரிப்பார்கள். வந்த புதிதில் அந்த வாசனையில் எனக்குத் தலைவலியே வந்துவிடும். பிறகு எப்போதாவது வெளியூர் போய்த் திரும்பினால்தான் அப்படி ஒரு வாசனை இருப்பதே நினைவுக்கு வரும்.

எங்கள் கம்பெனி சிறிய ஊர்களில் உள்ள மருத்துவமனைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிறது. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவது, ரத்தப் பரிசோதனை முடிவைப் போனிலேயே பார்ப்பது, இந்த மாதிரி. இதில் எல்லாவற்றையும் நாங்களே எழுதுவதில்லை. உலகத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை. எங்கோ ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிற மென்பொருள்களை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். ஓப்பன் சோர்ஸ் என்பது அதைத்தான். எழுதுகிறவர் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல்தான் எழுதுகிறார். அவர் யார், எந்த ஊர் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் கேட்பதில்லை.

ஒரு வலைத்தளத்துக்கு வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் முதலில் வாங்கி, சரிபார்த்து உள்ளே அனுப்புகிற பகுதி ஒன்று உண்டு. எங்களிடம் இருந்தது பழசாகிவிட்டது. வேறு ஒன்று மாற்ற வேண்டும். எங்கள் குழுவின் தலைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒரு நாள் போனில் சொன்னார்.

"ரெண்டு இருக்கு. ரெண்டையும் போட்டுப் பாரு. எதுன்னு நீயே சொல்லிடு. நான் குறுக்க வரமாட்டேன்."

அந்த இரண்டுக்கும் ஜென்மப் பகை. ஒன்று நீண்ட காலமாக இருப்பது. அதை எழுதியவர் குளிர்நாடு ஒன்றில் இருக்கும் ஒரு வயதானவர் என்று கேள்வி. மகா முசுடு. இன்னொன்று அதற்குப் போட்டியாக வந்தது. முதலில் ஆரம்பித்தவர் களைத்துப்போய், கூடவே உதவிக்கொண்டிருந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருந்தார். பழையதை வைத்திருப்பவர்களும் புதியதை வைத்திருப்பவர்களும் இணையத்தில் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் மாமன் மச்சான் சண்டையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

நான் இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் பெரிதாக இல்லை. எங்கள் தளத்தைப் பயன்படுத்துகிறவர்களில் பாதிப்பேருக்கு டவர் சரியாகக் கிடைக்காது. அதனால் கணவரோடு தோட்டத்துக்குப் போய்ச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு பாறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் ஏறியும் இறங்கியும் நடந்தார்.

"இந்தா, இங்கன ரெண்டு கோடு வருது. வெரசா பாரு."

"அப்பிடியே நில்லுங்க."

"போயிருச்சு."

"போகட்டும். போறதுதான் வேணும். திரும்ப வந்தா சொல்லுங்க."

"என்ன சோலியோ போ. டவர் வர்ற எடத்துல நிக்கச் சொல்லுவாக, நீ போற எடத்துல நிக்கச் சொல்ற."

அவர் சிரித்தார். எனக்கு விடை கிடைத்துவிட்டது. டவர் போய்த் திரும்பி வந்தால் பழையது ரிப்போர்ட்டை முதலிலிருந்து அனுப்பத் தொடங்கியது. புதியது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதிலும் ஒரு சிறு கோளாறு இருந்தது, சில சமயம் பாதியில் நின்றுவிடும். இரண்டு இடத்துக்கும் எழுதிப் போட்டேன்.

பழையவரின் பதில் மூன்று வாக்கியம். இது குறை அல்ல. உங்கள் இணைப்பு மோசம். விளக்கக் குறிப்பைப் படியுங்கள்.

புதியதைப் பார்த்துக்கொள்பவர் அன்றைக்கே எழுதினார். இப்படி மலைச் சரிவில் நின்று என் மென்பொருளைச் சோதித்த ஆள் நீங்கள்தான், அந்த இடம் எப்படி இருக்கும், அங்கே என்ன விளையும், உங்கள் நோயாளிகள் எந்த மாதிரிப் போன் வைத்திருப்பார்கள் என்றெல்லாம் விசாரித்திருந்தார். மறுநாள் கோளாறு சரியாகியிருந்தது. மாற்றத்தின் குறிப்பில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்.

அக்காவிடம் புதியது என்று சொன்னேன்.

"யாரு பாத்துக்கறாங்க அதை?"

"ஒருத்தர்தான் அக்கா."

"எந்த ஊரு?"

"தெரியல. யாரும் கேக்கறதில்லையே."

"அதுவும் சரிதான்," என்றார் அக்கா. அவ்வளவுதான் பேச்சு. மருத்துவமனைகள் எல்லாம் புதியதுக்கு மாறின.

அதற்குப் பிறகு நாங்கள் எழுதிக்கொண்டோம். முதலில் வேலை விஷயம்தான். கொஞ்சங் கொஞ்சமாக மற்றதும் வந்தது. மழை பிடித்தால் இங்கே மின்சாரம் போய்விடும் என்று நான் எழுதுவேன். தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் இந்த மாற்றத்தை எழுதினேன் என்று அவர் எழுதுவார். நான் அனுப்பிய திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்து, எங்கே தப்பு, ஏன் தப்பு என்று சொல்லித் தருவார். போடியில் என் வேலையைப் பற்றிப் பேச எனக்கு ஒருவரும் கிடையாது. கணவருக்கு என் மீது அக்கறை உண்டு, என் வேலை புரியாது. தினமும் மெயிலைத் திறக்கும்போது அவரிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அந்த வருஷம் நான் கர்ப்பமானேன். ஐந்தாம் மாதம். தோட்டத்தில் காய் உலர்த்தும் கொட்டகையை, அதை ஸ்டோர் என்றுதான் சொல்வோம், புதுப்பித்துப் பூஜை வைத்திருந்தார்கள். வீட்டுக்காரி வராமல் எப்படி என்று கணவர் கூப்பிட்டார். மெதுவாகத்தான் போவோம், டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன் என்றார். போனேன். மேலே போகும்போது மெதுவாகத்தான் போனோம். திரும்பும்போது களைப்பில் தூங்கிவிட்டேன். ஜீப்பு தூக்கித் தூக்கிப் போட்டது அரைத் தூக்கத்தில் தெரிந்தது. அந்த வாரம் தேனி ஆஸ்பத்திரியில் குழந்தை போய்விட்டது.

டாக்டர் அம்மா தெளிவாகச் சொன்னார். குழந்தையின் வளர்ச்சியிலேயே கோளாறு இருந்தது, ஜீப்பில் போனதால் அல்ல, யார் செய்ததாலும் அல்ல. நான் தலையாட்டினேன். நம்பவில்லை. கணவரும் சுவரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஜீப்பைப் பற்றித்தான் பேசினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் மலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். என்னை அதற்கப்புறம் தோட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை.

சில வாரங்கள் நான் எதுவும் எழுதாமல் இருந்ததைப் பார்த்து, நலமா என்று மெயிலில் எழுதிக்கொண்டிருந்த அந்த ஆள் கேட்டார். நான் எழுதினேன். யாரிடமும் சொல்லாததை எல்லாம் எழுதினேன். என் கணவர் கூப்பிட்டிருக்காவிட்டால் என் குழந்தை இருந்திருக்கும், அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் தோன்றுகிறது, ஆனால் அவரிடம் சொன்னால் குடும்பம் உடைந்துவிடும் என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது. எனக்கும் ஒரு குழந்தை இப்படிப் போயிற்று என்று இருந்தது. நாங்கள் பெயர்கூட வைத்திருந்தோம், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன், வேலையைப் பற்றிக் கவலைப்படாதே, உன் பங்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். குழந்தை போனதற்கு அப்புறம் எனக்கு மனசு லேசானது அன்றைக்குத்தான். அதுவரை அவர் ஆணா பெண்ணா என்று நான் யோசித்ததே இல்லை. அன்றிலிருந்து பெண் என்றே நினைத்துக்கொண்டேன். மனசுக்குள் அவருக்கு ஒரு முகம்கூட இருந்தது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் புதியதின் அடுத்த பதிப்பு வெளிவர இருந்தது. அதை நீ மருத்துவமனைத் தளங்களில் சீக்கிரம் ஏற்றிக்கொண்டால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். மருத்துவமனைகளே நம்பி வைத்திருக்கின்றன என்றால் மற்றவர்களும் தயங்க மாட்டார்கள் என்றும் இருந்தது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, நான் எப்போதும் வெளிவந்த அன்றே ஏற்றுகிறவள்தானே என்று பதில் போட்டேன்.

அந்தப் பதிப்பு வெளிவருவதற்கு முந்தின நாள் கணவர் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"காய் பழுத்துக் கெடக்கு. ஆளு பத்தல. நீ வந்து ஸ்டோர்ல நின்னு பாத்துக்கிட்டியன்னா நான் காய் எடுப்புல நிப்பேன். ஒனக்கு முடிஞ்சா பாரு. இல்லேன்னா வேணாம்."

குழந்தை போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏன் சரி என்றேன் என்று இன்னும் தெரியவில்லை. அக்காவுக்கு லீவு சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். தோட்டத்தில் ஸ்டோர் இருக்கும் பள்ளத்தில் டவர் கிடையாது. புதுப் பதிப்பை ஊருக்கு இறங்கியதும் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உலர்த்தாத பச்சைக் காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நான் எடை பார்த்து உள்ளே அனுப்புவேன். அந்த நாட்களில் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காய் எடுப்பு முடிந்து கணவர் மேலேயே தங்கிவிட, வேலைக்கு வந்த பெண்களோடு நான் கீழே இறங்கினேன். அப்போதுதான் அந்த வளைவு.

போனில் அக்காவிடமிருந்து வந்த அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் வரிசையாக விழுந்தன. எங்கே இருக்கிறாய். உடனே கூப்பிடு. புதுப் பதிப்பை ஏற்றினாயா. ஏற்றியிருந்தால் எல்லாவற்றையும் நிறுத்து. கடைசியாக ஓர் இணைப்பு. திறந்தேன். பழையதை எழுதிய முசுட்டுக் கிழவர் ஓர் அறிவிப்புப் போட்டிருந்தார். புதியதின் கடைசிப் பதிப்புக்குள் யாரும் பார்க்க முடியாத ஒரு கள்ளக்கதவு இருக்கிறது. அதற்கான சாவி வைத்திருப்பவர் அதைப் பயன்படுத்தும் எந்தத் தளத்துக்குள்ளும் நுழையலாம், எதையும் எடுக்கலாம். இது தவறுதலாக வந்தது அல்ல. இந்த மென்பொருளைப் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரே வைத்தது. அந்தப் பெயரில் ஒரு மனிதர் இருப்பதாக எங்கேயும் தடயம் இல்லை.

நான் மறுபடி படித்தேன். ஜீப்பு அடுத்த வளைவில் திரும்பியது, டவர் போனது, பக்கம் மட்டும் திரையில் நின்றது. எதிரே இருந்த வயதான அம்மாள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என் முழங்காலைப் பிடித்தார்.

"என்னத்தா? யாருக்கு என்ன?"

நான் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

"ஐயாவுக்கு ஒண்ணுமில்லைல்ல? இப்பத்தேன் மேல விட்டுட்டு வாரோம்."

"அவுகளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத் தெரிஞ்சவுக ஒருத்தரு."

"செத்துட்டாகளா?"

"இல்ல. அப்பிடி ஒரு ஆளே இல்லையாம்."

அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தார். அவளுக்கும் புரியவில்லை.

"இல்லாத ஆளுக்கா தாயி இப்பிடி அழுவுற?"

அழுகிறேன் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. போடி வந்து சேரும்வரை அவர் என் கையை விடவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். கீழே ஏலக்காய் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மாடியில் லேப்டாப்பைத் திறந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஏத்தினியா?"

"இல்ல அக்கா. நான் தோட்டத்துல இருந்தேன்."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியா பாரு."

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவசரத்தில் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தேன். எல்லாவற்றிலும் முந்தைய பதிப்பே இருந்தது. சொன்னேன். அக்கா ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் பெயரையும் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "நீ லீவு போட்டிருக்கலன்னா..." என்று ஆரம்பித்து அதை முடிக்காமல் விட்டார். ரத்தப் பரிசோதனை, பிரசவம், மனநல மருத்துவம் என்று எத்தனை பேருடைய எத்தனை ரகசியங்கள் அந்த வாசலுக்குள்ளே இருந்தன. காய் பழுத்து, ஆள் பத்தாமல் போனதால் மட்டும் அவை தப்பித்தன. நான் கெட்டிக்காரியாக இருந்ததால் அல்ல.

போனை வைத்த பிறகுதான் மெயிலைப் பார்த்தேன். நான் தோட்டத்தில் இருந்த நாட்களில் அந்த ஆளிடமிருந்து மூன்று மெயில் வந்திருந்தது. முதலாவது, பதிப்பு வெளிவந்துவிட்டது என்று. இரண்டாவது, ஏற்றிவிட்டாயா என்று. மூன்றாவதில், நீ மலையில் இருப்பாய் என்று நினைக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள், கனமானதைத் தூக்காதே, இறங்கியதும் முதல் வேலையாக இதை எனக்காகச் செய்துவிடு என்று இருந்தது. கனமானதைத் தூக்காதே என்ற வார்த்தையில் என் பார்வை நின்றுவிட்டது. என் உடம்பைப் பற்றி அந்த அளவுக்குத் தெரிந்த ஆள். நான்தானே சொன்னேன். எல்லாம் நானே சொன்னது.

நீ யார் என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.

அடுத்த சில நாட்களில் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் இணையத்தில் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவரிடம் அந்த ஆள் கல்லூரி மாணவன் என்று சொல்லியிருந்தார். ஒருவரிடம் மனைவியை இழந்தவர். ஒருவரிடம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று, இன்னொருவரிடம் தனக்கே புற்றுநோய் என்று. முதலில் அதை ஆரம்பித்துக் களைத்துப் போனவரிடம், உங்கள் மனச்சோர்வு எனக்குப் புரிகிறது, நானும் அதில் இருந்தவன்தான் என்று எழுதித்தான் பொறுப்பை வாங்கியிருந்தார். ஒவ்வொருவரிடமும் அவரவர் வலிக்கு ஏற்ற கதை. ஒரு ஆள் எழுதியதா, ஒரு கூட்டமே உட்கார்ந்து எழுதியதா, பின்னால் ஒரு நாடே இருந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. குழந்தை போன கதையை யாராவது சொல்கிறார்களா என்று நான் தேடித் தேடிப் படித்தேன். யாரும் சொல்லவில்லை. அது எனக்கென்று செய்யப்பட்டது. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

பழையவர் அந்தக் கள்ளக்கதவை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. உலகத்தைக் காப்பாற்ற அவர் தேடவில்லை. போட்டிக்காரரின் மென்பொருள் எவ்வளவு பெருத்துப்போய்க் கிடக்கிறது என்று குறை சொல்லிக் கட்டுரை எழுதுவதற்காக அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்த மூல நிரலில் இல்லாத ஒன்று, பொட்டலமாகக் கட்டி விநியோகித்ததில் மட்டும் இருந்திருக்கிறது. எரிச்சலில் நோண்டியிருக்கிறார். எங்களைக் காப்பாற்றியது அந்த வயிற்றெரிச்சல்தான்.

அக்கா மறுபடி கேட்டார். "இப்ப என்ன பண்றது? பழசுக்கே போயிடலாமா?"

"நீங்களே சொல்லுங்க அக்கா. எனக்கு எதுவும் தெரியல."

"உனக்குத்தான் ரெண்டும் தெரியும். இந்தத் தடவை ஆளைப் பாக்காத. ஒவ்வொரு வரியாப் பாரு."

பார்த்தேன். பழையவர் எழுதியதை முழுக்கப் படிக்க வெகுநாள் ஆனது. அவர் பேச்சு போலவே அதுவும் வறட்டுத்தனமாக இருந்தது. ஒளிப்பதற்கு எங்கேயும் இடமில்லை. டவர் போனால் முதலிலிருந்து அனுப்பும் அந்தச் சிக்கலைப் பற்றி மறுபடி எழுதினேன். இந்த முறை அவர் இணைப்பு போய் வந்ததன் பதிவுகளை அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார். மலைக்குப் போய் எடுத்து அனுப்பினேன். ரொம்ப நாள் கழித்து, நீங்கள் சொன்னது சரி, சரிசெய்துவிட்டேன் என்று வந்தது. எந்த ஊர் என்று அவர் கேட்கவே இல்லை.

ஒருநாள் என்னை அறியாமல் அவரிடம் கேட்டுவிட்டேன். நீங்கள் உண்மையான ஆள்தானா?

ஆமாம், ஆனால் நானே சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பதில் வந்தது. பழையதையே தேர்ந்தெடுத்தோம்.

இதோடு முடியவில்லை. இந்த விவகாரத்தை விசாரிக்கும் குழு ஒன்று எங்கள் கம்பெனியைத் தொடர்பு கொண்டது. அந்த ஆளோடு எழுதிக்கொண்டவர்கள் எல்லா மெயிலையும் கொடுத்தால் எழுத்து நடையை வைத்து ஏதாவது பிடிக்க முடியும் என்றார்கள். அக்காவுக்கு நான் என்ன எழுதியிருப்பேன் என்று ஊகம் இருந்திருக்க வேண்டும்.

"பர்சனலா ஏதாவது இருந்தா எடுத்துட்டுக் குடு. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"அது மட்டும்தான் அக்கா அந்த ஆளு வேற யாருக்கும் சொல்லாத கதை. அதை எடுத்துட்டா என்ன மிச்சம்?"

கொடுப்பது என்று முடிவு செய்தேன். அப்படியானால் முகம் தெரியாதவர்கள் படிப்பதற்கு முன்னால் ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பகல் சாப்பாடு முடிந்து கணவர் முற்றத்தில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நடந்த மோசடியைப் பற்றி அவருக்கு மேலோட்டமாகத் தெரியும். அந்த ஆளுக்கு நான் என்ன எழுதினேன் என்று தெரியாது. சொன்னேன். நீங்கள் கூப்பிட்டதால்தான் குழந்தை போயிற்று என்று எழுதினேன், உங்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் தோன்றுகிறது என்று எழுதினேன் என்று, ஒன்றையும் மாற்றாமல் சொன்னேன்.

அவர் கையில் இருந்த துணி அப்படியே நின்றது.

"இத என்கிட்டச் சொல்லணும்னு ஒனக்குத் தோணலயா?"

"பயமா இருந்துச்சு."

"யாருன்னே தெரியாதவன்கிட்டச் சொல்றதுக்குப் பயமா இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கு எறங்கும்போது நீ தூங்கிட்ட. மழை கட்டிக்கிட்டு வந்துச்சு. பாதையில மண்ணு சரிஞ்சிரும்னு டிரைவரு சொன்னாரு. வெரசா போன்னு சொன்னது நாந்தேன்."

ஜீப்பில் அந்த அறிவிப்பைப் படித்தபோதுகூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை.

"அதுல இருந்து தெனமும் அதே பாதையிலதேன் போயிட்டு வர்றேன்," என்றார். "வண்டி தூக்கிப் போட்ட அந்தப் பள்ளம் வந்தாக் கண்ண மூடிக்குவேன். ஒனக்குத் தெரிஞ்சா என்னைய விட்டுட்டுப் போயிருவேன்னு நெனச்சேன். நீ ஏற்கனவே அப்பிடித்தேன் நெனச்சுக்கிட்டு இருந்திருக்க."

ஆத்திரம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே வீட்டில், ஒரே கதவைத் திறந்து மூடிக்கொண்டு, இரண்டு பேரும் அதே ஒன்றை மாதக்கணக்காகத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம் என்பதுதான் என்னை அசைய விடாமல் செய்தது. அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. கிரீஸ் பட்ட கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

அந்த வாரமே இரண்டு பேரும் பஸ்சில் தேனிக்குப் போனோம். அதே டாக்டர் அம்மாவைப் பார்த்தோம். கணவர் எதையும் மறைக்காமல், ஜீப்பை வேகமாக ஓட்டச் சொன்னதைச் சொன்னார். டாக்டர் அம்மா எங்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் விரித்து, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார். முதலில் சொன்ன அதே விஷயம்தான். நீங்கள் படுத்த படுக்கையாக இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார்.

"அன்னிக்கே சொன்னேனே," என்று ஆச்சரியமாக எங்களைப் பார்த்தார். "ரெண்டு பேரும் தலையாட்டினீங்களே."

மெயில்களை எல்லாம் அந்தக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு இன்னும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அந்தப் பதில் வந்த அன்று எனக்கு மனசு லேசானது பொய் இல்லை. எழுதிய கை யாருடையதோ, எதற்காகவோ. ஆனால் அன்று மாடியறையில் அழுதவள் நான். இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அவன் கையில கெடச்சா அடிக்கத்தேன் செய்வேன்," என்றார். "அடிச்சிட்டு ஒரு டீ வாங்கிக் குடுப்பேன்னு நெனைக்கிறேன். தெரியல."

எனக்கும் தெரியவில்லை.